உப்புக் காற்றடிக்கும் ஊரில் பழைய கசற் கேம் பெட்டி: துடைப்பதா, திறப்பதா, மாற்றுவதா, ஒப்படைப்பதா?

திருகோணமலையில் பழைய கசற் கேம் பெட்டியை இன்னும் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பெட்டி ஓடவில்லை, அல்லது படம் சிதறி வருகிறது. கசற்றின் விளிம்பை வீட்டிலேயே துடைத்துப் பார்ப்பதா, பெட்டியைத் திறந்து உள்ளே சுத்தம் செய்வதா, கசற் செருகும் பொருத்தியையே புதிதாக மாற்றுவதா, அல்லது பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதா? இணையத்தில் இதற்கான அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் கடலிலிருந்து தொலைவில், உலர்ந்த வீடுகளில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பெட்டிக்குள் சேர்வது தூசி. ஒருபுறம் குடாவும் மறுபுறம் துறைமுகமுமாகக் கடல் சூழ்ந்த நமது நகரில் தூசியோடு உப்பும் சேர்கிறது. எதை முதலில் செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை இந்த வேறுபாடு பெருமளவுக்கு மாற்றிவிடுகிறது.

இங்கே நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டென்டோ ஃபமிகொம் பெட்டியையும், அதைப் பார்த்துச் செய்யப்பட்டு நம்மூரில் "ரிவி கேம்" என்ற பெயரில் புழங்கிய நகல் பெட்டிகளையும், 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த, அதே நிறுவனத்தின் என்.ஈ.எஸ். (நின்டென்டோ என்ரர்ரெயின்மன்ற் சிஸ்ரம்) பெட்டியையும்தான். முதலிரண்டும் 60 முனைக் கசற்றுகளை ஏற்பவை, என்.ஈ.எஸ். 72 முனைக் கசற்றுகளை ஏற்பது. வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்த சேகா மெகா டிரைவ் வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடங்களைக் குறிப்பிடுகிறேன்.

## எந்த அளவுகோலால் எடைபோடுவது

முதலாவது அளவுகோல், செய்ததைத் திருப்பிக்கொள்ள முடியுமா என்பது. இந்தப் பெட்டிகளும் கசற்றுகளும் 30, 40 ஆண்டு வயதானவை; கசற் விளிம்பில் உள்ள உலோகப் பட்டைகளின் பொன்முலாம் தேய்ந்துபோனால் அதை வீட்டில் எவராலும் திரும்பப் பூச முடியாது. இரண்டாவது, அந்த வழி உப்பை உண்மையிலேயே வெளியேற்றுகிறதா, அல்லது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறதா என்பது. மூன்றாவது மறைசெலவு: விலைச்சீட்டில் தெரியாத தபாற்கட்டணம், சுங்கவரி, காத்திருப்பு, பொருந்தாத உதிரிப்பாகம், போகும் வழியில் உடையும் உறை. நான்காவது, செய்பவரின் கை. சோல்டர் பிடித்துப் பழகியவருக்கு ஏற்ற வழி பழகாதவருக்கு ஏற்றதன்று. ஐந்தாவது, பெட்டி அசலா நகலா என்பது.

இவை ஐந்துக்கும் நான் சம எடை கொடுப்பதில்லை. முதலிரண்டுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் திரும்பக் கிடைக்கலாம். தேய்ந்த முலாம் கிடைக்காது.

## வழியைத் தெரிவதற்கு முன், பழுது எங்கே என்று பிரித்தறிதல்

எந்த வழியையும் தெரிவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை மிக எளியது. ஒரு கசற் மட்டும் ஓடாமல் மற்றவை ஓடினால் பழுது அந்தக் கசற்றில் இருக்கிறது. எந்தக் கசற்றும் ஓடாவிட்டால் பொருத்தியிலோ மின்வழங்கலிலோ இருக்கிறது. கையில் ஒரேயொரு கசற்தான் இருக்கிறது என்றால், தெரிந்தவரிடம் இன்னொன்றை இரவல் வாங்கிப் பார்த்த பின்பே ஸ்குரூ டிரைவரைத் தொடவேண்டும்.

அடுத்து, பழுது எந்த உருவத்தில் வெளிப்படுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஃபமிகொம் குடும்பத்துக் கசற்றில் நிரலுக்கு ஒரு பாதையும் படத்துக்கு வேறொரு பாதையும் தனித்தனி முனைகளால் பெட்டியை அடைகின்றன. ஆகவே திரை முழுவதும் ஒரே நிறமாக நின்று ஒலியும் இல்லையென்றால், நிரல் செல்லும் முனைகளில் தொடுகை இல்லை என்று ஊகிக்கலாம். இசை ஒழுங்காகக் கேட்டு, ஆட்டமும் நடந்து, எழுத்துகளும் உருவங்களும் மட்டும் குலைந்து கிடந்தால் படம் செல்லும் முனைகளில் அழுக்கு இருக்கிறது. இரண்டுமே துடைத்துத் தீர்க்கக்கூடியவை. படம் தெளிவாக வந்து ஒலி மட்டும் இல்லையென்றால், ஃபமிகொம்மில் ஒலி 45ஆம், 46ஆம் முனைகள் வழியாகக் கசற்றுக்குள் போய்த் திரும்புகிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அந்த இரு முனைகள் அழுக்கடைந்தாலே ஒலி நின்றுவிடும். என்.ஈ.எஸ். பெட்டியில் ஒலி அவ்வாறு சுற்றி வருவதில்லை. பிரித்தானியாவிலிருந்து வந்த பெட்டியை தொலைக்காட்சியின் அன்ரெனாச் செருகுதுளை வழியாக இணைத்துவிட்டு ஒலி வரவில்லை என்று கவலைப்படுபவர்களும் உள்ளனர். அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான அலைவெண் இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ், நம் நாட்டு முறையில் 5.5 மெகாஹேர்ட்ஸ். தொலைக்காட்சியின் அமைப்பில் ஒலி முறையை மாற்றினால் தீரக்கூடிய அந்தக் குறைக்காகக் கசற்றைத் தேய்ப்பது வீண்.

என்.ஈ.எஸ். பெட்டியின் சிவப்பு விளக்கு ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால், கசற் அனுமதி பெற்றதா எனச் சரிபார்க்கும், பெட்டிக்குள் உள்ள பூட்டுச் சில்லு கசற்றில் உள்ள தன் இணையோடு பேச முடியாமல் பெட்டியைத் திரும்பத் திரும்ப மீள்தொடக்குகிறது என்பது பொருள். ஃபமிகொம்மிலும் அதன் நகல்களிலும் இந்தப் பூட்டு இல்லை.

விளக்கே எரியவில்லை என்றால் துடைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். (அசல் ஃபமிகொம்மில் மின்விளக்கு கிடையாது என்பதால் அதை இந்த வழியில் சோதிக்க முடியாது.) முதலில் அடப்ரரைப் பார்க்கவேண்டும். ஜப்பானிய அடப்ரர் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்க, கனடிய அடப்ரர்கள் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அவை எரிந்துவிடும். இங்கே வாங்கிய அடப்ரர் என்றாலும் வகை முக்கியம்: ஃபமிகொம்முக்கு வேண்டியது 10 வோல்ட், 850 மில்லியம்பியர் நேரோட்டம் (DC), அதுவும் செருகியின் நடுமுனை மறையாக (−) உள்ளது. அமெரிக்க என்.ஈ.எஸ். அடப்ரர் தருவது 9 வோல்ட் ஆடலோட்டம் (AC). அதை ஃபமிகொம்மில் செருகினால் உட்சுற்றுக்குச் சேதம் நேரலாம். மெகா டிரைவின் முதல் வகைக்கு நடுமுனை மறை, இரண்டாம் வகைக்கு நடுமுனை நேர். அடப்ரர் சரியாக இருந்தும் பெட்டி உயிர்பெறவில்லை என்றால், உள்ளே 7805 என்ற எண்ணுடைய மின்னழுத்தச் சீராக்கி 5 வோல்ட்டைத் தருகிறதா என மல்ரிமீற்றரால் அளக்கவேண்டும். திரையில் பட்டைகள் உருண்டுகொண்டு இரைச்சலும் கேட்டால், மின்வழங்கலில் உள்ள கொள்ளளவி உலர்ந்துபோயிருக்க வாய்ப்புண்டு. ஆட்டம் நன்றாக நடந்து சேமித்தது மட்டும் அழிந்துபோனால், கசற்றுக்குள் உள்ள 3 வோல்ட் பற்றரி தீர்ந்திருக்கும். மின்வழங்கலோ பற்றரியோ காரணமாக வரும் இந்தப் பழுதுகளில் ஒன்றுகூடத் துடைப்பதால் தீராது.

## முதல் வழி: பெட்டியைத் திறக்காமல் கசற் விளிம்பைத் துடைத்தல்

செலவு மிகக் குறைந்ததும், முறையாகச் செய்தால் எதையும் இழக்க வைக்காததுமான வழி இது. ஆனால் "முறையாக" என்பதில்தான் நம்மூருக்கும் பிறவூர்களுக்கும் வேறுபாடு இருக்கிறது.

வெளிநாட்டு அறிவுரைகளில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கச் சொல்வார்கள். தூசிக்கும் கைப்பிசுக்குக்கும் அது மிகச் சிறந்தது. ஆனால் சாதாரண வெப்பநிலையில் 100 மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். தூய ஐசோபுரோப்பைல் அற்ககோலிலோ உப்பு அநேகமாகக் கரைவதே இல்லை. எனவே டச்சுக் குடாவிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த ஜன்னலோரம் பல ஆண்டு இருந்த கசற்றை அற்ககோலால் மட்டும் துடைத்தால், பிசுக்குப் போய்விடும். உப்புத் துகள்கள் பட்டையின் மேல் பரவி அங்கேயே நிற்கும். அன்று மாலை கசற் ஓடும். இரவில் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதைவிடக் குறைந்த ஈரப்பதனிலேயே இதைச் செய்துவிடும். அந்த உப்புநீர் பொன்முலாமின் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள உலோகங்களை அடைந்து அரிக்கும். பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருப்பதைக் கண்டால் அரிப்பு செம்பு வரை இறங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். "துடைத்தேன், ஓடியது, இரண்டு கிழமையில் மறுபடியும் நின்றுவிட்டது" என்று சொல்பவர்களின் கசற்றுகளில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதை முதலில் சந்தேகிக்கவேண்டும்.

ஆகையால் நம்மூரில் முதலில் நீர், பிறகுதான் அற்ககோல். நீர் என்றால் காய்ச்சி வடித்த நீர். கடலோரக் கிணற்று நீரில் உப்பு ஏற்கெனவே இருக்கும் என்பதால் அது கூடவே கூடாது, குழாய் நீரும் உலரும்போது படிவை விட்டுச் செல்லும். வாகனப் பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீர் போதுமானது, ஆனால் அதே கடையில் அதே போன்ற போத்தலில் பற்றரி அமிலமும் இருக்கலாம் என்பதால் லேபிளை இருமுறை வாசித்து வாங்கவேண்டும். பஞ்சுக்குச்சியின் நுனியை நீரில் தோய்த்துப் பிழிந்து, பட்டைகளின் நீளவாக்கில், உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் துடைக்கவேண்டும். குச்சியை அடிக்கடி மாற்றவேண்டும். அழுக்கான குச்சியை மறுபடியும் நீரில் தோய்க்கக் கூடாது. குச்சி வெள்ளையாகவே வரும்வரை இதைச் செய்தபின், அற்ககோலில் நனைத்த புதிய குச்சியால் இருபுறமும் துடைத்தால் மிச்சப் பிசுக்கும் எஞ்சிய ஈரமும் ஒன்றாக வெளியேறும். பிறகு மின்விசிறிக்கு அருகில் சில மணிநேரம், மாரிகாலமானால் ஒரு முழு நாள், விட்டுவைக்கவேண்டும். பற்றரி உள்ள கசற்றில் நீர் பட்டைகளைத் தாண்டி உள்ளே போகாதபடி இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அதன் உட்சுற்றில் எந்நேரமும் மின் இருக்கிறது.

பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதுமா என்று கேட்பவர்களுக்கு: 70 சதவீத வகை அற்ககோலும் நீரும் மட்டும் கலந்ததாக இருந்தால் பரவாயில்லை, அதில் உள்ள நீர் உப்பை ஓரளவு கரைக்கவும் செய்யும். சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் முதலியவை சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு உலரவிட்டுப் பார்த்தால் எண்ணெய்ப் படலம் தெரிந்துவிடும். தெரிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. என்.ஈ.எஸ். கசற்றின் பின்புற லேபிளில் அற்ககோல், பென்சீன், தின்னர் எதனாலும் துடைக்க வேண்டாம் என்று நின்டென்டோ நிறுவனமே அச்சிட்டிருந்தது. அதைப் புறக்கணிக்கும்படி நான் சொல்லவில்லை. உறையையும் லேபிளையும் அற்ககோல் தொடவே கூடாது. குச்சியின் நுனியளவு ஈரம், உலோகப் பட்டையின் மேல் மட்டும்.

செய்யவே கூடாதவை சில. வாயால் ஊதுவது நாம் எல்லோரும் சிறுவயதில் பழகியது. ஊதியபின் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் கசற்றை வெளியே எடுத்து மறுபடி செருகியபோது முனைகள் உரசிப் புதுத் தொடுகை கிடைத்ததுதான், மூச்சின் ஈரமோ உப்புக்கு விருந்து. பேனா மையை அழிக்கும் கரடுமுரடான அழிறப்பரில் தேய்ப்புத்துகள் உண்டு, அது முலாமைச் சுரண்டிவிடும். மென்மையான வெள்ளை அழிறப்பரை, நீரும் அற்ககோலும் தோற்ற கரும்படிவின் மேல் மட்டும், மிக மெதுவாக ஒருமுறை பயன்படுத்துவதை ஏற்றுக்கொள்ளலாம். குத்துவிளக்குத் துலக்கும் பிறாசோவைக் கசற்றில் போடும் பழக்கம் மிகுந்த கேடு. உடனே பளபளப்பது கண்டு மகிழ்ச்சி வரும், ஆனால் அதிலும் தேய்ப்புத்துகள் இருப்பதால் பளபளப்பாகத் தெரிவது முலாம் போன உலோகமாக இருக்கக்கூடும். நகல் கசற்றுகளில் முலாம் மிக மெல்லியதாக இருப்பதால் அங்கே சேதம் இன்னும் விரைவு. சாதாரண டபிள்யூ.டி.-40 எண்ணெய்ப் படலத்தை விட்டுச்சென்று தூசியைப் பிடித்துவைக்கும். அதே பெயரில் மின்தொடுகைகளுக்கென வரும் தனி வகை வேறு.

இந்த வழியின் மறைசெலவு, கசற்றைத் திறக்க முயல்வதில் இருக்கிறது. என்.ஈ.எஸ்., மெகா டிரைவ் கசற்றுகளின் உறையைத் திறக்க 3.8 மில்லிமீற்றர் அளவுள்ள தனி முனை வேண்டும். நின்டென்டோவின் ஃபமிகொம் கசற்றுகளுக்கு ஆணியே கிடையாது, உள்ளே கொக்கிகள்தான். நெம்பினால் அவை உடையும். கீழிருந்தே விளிம்பு எட்டும் என்பதால், பச்சை பூத்திருந்தாலன்றி ஃபமிகொம் கசற்றைத் திறக்கத் தேவையில்லை. ஒரு கசற் மட்டும் பிணக்கும்போதும், பெட்டி பல மாதம் ஓடாமல் கிடந்து முதல்முறையாக எடுக்கப்படும்போதும், இதுவே முதல் வழி மட்டுமல்லாமல் பெரும்பாலும் கடைசி வழியாகவும் அமையும்.

## இரண்டாம் வழி: பெட்டியைத் திறந்து பொருத்தியைச் சுத்தம் செய்தல்

துடைத்த கசற்றுகள் பலவும் ஓடாதபோது இந்த வழிக்கு வரவேண்டும். இங்கே அசல் ஃபமிகொம்முக்கும் என்.ஈ.எஸ். பெட்டிக்கும் பாதை பிரிகிறது.

என்.ஈ.எஸ். பெட்டியின் 72 முனைப் பொருத்தி சோல்டர் பிடிக்கப்படாதது. தாய்ப்பலகையின் விளிம்பில் செருகப்பட்டிருப்பதால், கசற் வைக்கும் தட்டையும் உலோகக் கவசத்தையும் கழற்றிய பிறகு அதை இழுத்து எடுத்துவிடலாம். அதைக் காய்ச்சி வடித்த நீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து, உதறி, அற்ககோலால் அலசி, ஓரிரு நாள் உலரவிட்டுத் திரும்பப் பொருத்தும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. உப்பையும் பழைய பிசுக்கையும் ஒருசேர இளக்குவதால் நம்மூருக்கு அது மிகவும் பொருத்தமானது. அதைக் கழற்றியிருக்கும்போதே தாய்ப்பலகையின் விளிம்பையும் முதல் வழியில் சொன்னவாறு துடைத்துவிடவேண்டும், ஏனெனில் பொருத்திக்கு இரண்டு முகங்கள் உண்டு; உள்முகத்தை மறப்பவர்கள் முழு வேலையையும் மறுபடி செய்ய நேரும். ஊசியால் உட்கம்பிகளை நெம்பி நிமிர்த்துவதை, கம்பி வெளிப்படையாக வளைந்திருந்தாலன்றி, நான் பரிந்துரைக்க மாட்டேன். சோர்ந்த உலோகம் ஒடிந்தால் பொருத்தி முழுவதும் போய்விடும்.

ஃபமிகொம்மிலும் பெரும்பாலான நகல்களிலும் 60 முனைப் பொருத்தி பலகையோடு சோல்டர் பிடிக்கப்பட்டிருப்பதால் கொதிக்கவைக்க இயலாது. மெல்லிய பிளாஸ்ரிக் அட்டையில் நார் உதிராத துணியைச் சுற்றி, முதலில் நீர், பின்பு அற்ககோல் என்ற அதே வரிசையில் ஈரமாக்கி, மேலும் கீழுமாக நகர்த்தவேண்டும். அட்டையும் துணியும் சேர்ந்த தடிப்பு கசற் பலகையின் தடிப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளிருக்கும் வில்கம்பிகள் விரிந்து, அழுக்கில்லாமலே தொடுகை போய்விடும். சுத்தமான கசற் ஒன்றைச் செருகி எடுத்து, ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பைத் துடைத்து, மீண்டும் செருகுவது மெதுவான வழிதான், ஆனால் அதில் ஆபத்து மிகக் குறைவு. நகல் பெட்டிகளில் பொருத்தி தனிப் பலகையில் இருந்து கம்பிகளால் இணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அக்கம்பிகளின் சோல்டர் வெடித்திருந்தால், மூடியை அழுத்தும்போது படம் வந்து விட்டதும் போய்விடும். அழுக்கு என்று தவறாக எண்ணப்படும் பழுதுகளில் இதுவும் ஒன்று.

இந்த வழிக்குச் செலவாவது பணத்தைவிட நேரமே. பெட்டிக்குள் ஓடுவது குறைந்த வோல்ட் என்பதால், அடப்ரரைக் கழற்றிவிட்டுத் திறந்தால் உயிராபத்து இல்லை. அடப்ரரை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்பதைக் கடதாசியில் குறித்து வைத்தல் அவசியம். வேலையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் மனப்பூர்வமான அறிவுரை. ஆனி, ஆடியில் தரையிலிருந்து வரும் அந்த வரண்ட காற்றில் ஒரே நாளில் உலர்வது, வாடைமழைக் காலத்தில் எத்தனை நாள் வைத்தாலும் உள்ளே ஈரம் காத்துக்கொண்டிருக்கும்.

## மூன்றாம் வழி: பொருத்தியைப் புதிதாக மாற்றுதல்

இதைச் செய்தவர்களின் மகிழ்ச்சி முதல் நாளில் மிகப் பெரிது. என்.ஈ.எஸ். பெட்டிக்குரிய புதிய 72 முனைப் பொருத்திகள் வெளிநாட்டு இணையக் கடைகளில் கிடைக்கின்றன. கழற்றி மாட்டினால் போதும், சோல்டர் தேவையில்லை. ஆனால் இவற்றில் பல, கசற்றை மிக இறுக்கமாகப் பிடிப்பவை. செருகவும் எடுக்கவும் பலம் வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கசற்றின் முலாம் சிறிது உரசப்படும். பெட்டியைக் காப்பாற்றக் கசற்றுகளைத் தேயவிடுவது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை. பாகத்தின் விலைக்கு மேல் தபாற்கட்டணமும் சுங்கவரி வர வாய்ப்பும் இருக்கின்றன, வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம், திருப்பி அனுப்புவது நடைமுறையில் இயலாத காரியம். புதிய பொருத்தியின் முலாம் மெல்லியதாயின் நமது காற்றில் பழையதைவிட விரைவாகக் கறுக்கவும் கூடும்.

ஃபமிகொம்மில் நிலைமை இன்னும் கடினம். 60 முனைகளிலும் சோல்டரை உறிஞ்சி எடுக்கவேண்டும். ஒரு முனையில் வெப்பம் மிகுந்தால் பலகையின் செம்புப்பாதை பெயர்ந்துவிடும். பழகிய கையும் சோல்டர் உறிஞ்சியும் இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இது சரியான தெரிவாவது, பழைய பொருத்தியின் கம்பிகள் ஒடிந்தோ, அரிப்பால் வேரோடு உண்ணப்பட்டோ இருக்கும்போது மட்டுமே. அப்போதும் பழைய பொருத்தியை எறியாமல் வைத்திருக்கவேண்டும். விளக்கு மினுங்குவதை நிறுத்த, என்.ஈ.எஸ். பெட்டியின் பூட்டுச் சில்லில் நான்காவது காலை வெட்டிவிடுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். மினுங்கல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அழுக்கு அப்படியே இருப்பதால் மினுங்கலின் இடத்தில் குலைந்த படம் வரும். சுத்தம் செய்து முடித்த பெட்டியில், காலை வெட்டாமல் சோல்டரை இளக்கி உயர்த்திவிடுவது திருப்பிக்கொள்ளக்கூடிய மாற்றம், அதை மட்டுமே ஏற்கலாம்.

## நான்காம் வழி: பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தல்

மின்வழங்கல், சீராக்கி, கொள்ளளவி, உடைந்த சோல்டர், கசற்றின் பற்றரி மாற்றுதல் ஆகியவற்றுக்கு இதுவே முதல் வழி. பழைய வானொலியும் படக்குழாய்த் தொலைக்காட்சியும் திருத்தியவர்கள் நகரில் இன்னும் இருக்கிறார்கள். கேம் பெட்டியைக் கண்டிராதவராயினும், 7805 சீராக்கியும் கொள்ளளவியும் அவர்கள் நாள்தோறும் தொட்ட பொருள்கள்தாம். அவர்களுடைய கைத்திறனை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கசற், பொருத்தி விடயத்தில் மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளவேண்டும். எண்ணெய் கலந்த தெளிப்பானோ, பிறாசோவோ, உப்புத்தாளோ பயன்படுத்த வேண்டாம் என்பதையும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் தாளில் எழுதிப் பெட்டியோடு கொடுப்பது நல்லது. பற்றரி மாற்றினால் சேமித்தவை அழிந்துவிடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவேண்டும். கொழும்புக்கு அனுப்புவதாயின், 260 கிலோமீற்றர் அளவிலான அந்தப் பயணத்தில் பொதி தூக்கிப் போடப்படும் என்று எண்ணியே கட்டவேண்டும். பழைய பிளாஸ்ரிக் நொறுங்கும் தன்மை கொண்டது, கசற்றைப் பொருத்தியில் வைத்தபடி அனுப்பினால் அதன் நெம்புவிசையால் இரண்டும் சேதமாகலாம்.

நகல் பெட்டியில், கறுப்புப் பசைத்துளியால் மூடிய ஒற்றைச் சில்லில் எல்லாம் அடங்கியிருந்து அந்தச் சில்லே இறந்துபோயிருந்தால், எவராலும் திருத்த இயலாது. அப்படிச் சொல்லித் திருப்பித் தருபவர் நேர்மையானவர்.

பழைய ஆட்டங்களை விளையாடுவது மட்டுமே நோக்கமென்றால் புதிய நகல் பெட்டி வாங்குவது மலிவு. ஆனால் ஆட்டங்கள் உள்ளேயே பதிந்து வரும் வகைகள் பழைய கசற்றை ஏற்கா. கையிலுள்ள கசற்றுகள் ஓடவேண்டும் என்பவர்களுக்கு இது ஒரு வழியே அல்ல.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| | துடைத்தல் | திறந்து சுத்தம் செய்தல் | பொருத்தி மாற்றுதல் | ஒப்படைத்தல் |
|---|---|---|---|---|
| திருப்பிக்கொள்ள முடியுமா | முடியும், தேய்ப்புப் பொருள் தொடாவிட்டால் | பெரும்பாலும் முடியும் | என்.ஈ.எஸ். பெட்டியில் முடியும், ஃபமிகொம்மில் கடினம் | செய்பவரைப் பொறுத்தது |
| உப்பு வெளியேறுமா | நீர் முதலில் எனில் ஆம் | முழுமையாக | பழைய பொருத்தியோடு போகும், கசற்றில் தங்கும் | கேட்டுக்கொண்டால் |
| மறைசெலவு | கசற் உறை உடைதல் | நேரம், உலர்த்தும் நாட்கள் | தபால், சுங்கம், கசற்றின் தேய்வு | போக்குவரத்து, காத்திருப்பு |
| எப்போது சிறந்தது | ஒரு கசற் மட்டும் பிணக்கும்போது | எல்லாக் கசற்றும் பிணக்கும்போது | கம்பி ஒடிந்தபோது | மின் பழுதின்போது |

## உப்பு மீண்டும் வராதிருக்க

எந்த வழியைத் தெரிந்தாலும், சுத்தமான பெட்டியைத் திறந்த அலுமாரியில் வைத்தால் ஒரு வாடைக்காலத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். கசற்றைப் பொருத்தியிலேயே விட்டுவைக்காமல் எடுத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவேண்டும். அரிசி போடுவது பயனற்றது, மாப்பொடி பட்டைகளில் ஒட்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளாக வாங்கினால், நீலம் இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சள் பச்சையாகவோ மாறும்போது ஈரம் நிறைந்துவிட்டது எனத் தெரியும். ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் சூடாக்கி நீரை வெளியேற்றியபின் அவற்றையே மீண்டும் பயன்படுத்தலாம். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் அவற்றைச் சூடாக்க வேண்டாம்; நீல வகையில் கோபாற்று சேர்மம் உண்டு.

கடலோரத்தில் இருப்பவர்கள் வாடை தொடங்குமுன் ஒருமுறையும் அது ஓய்ந்தபின் ஒருமுறையும் விளிம்புகளை வெளிச்சத்தில் பார்த்து, வெண்பொடியோ பச்சையோ கண்டால் மட்டும் துடைத்தால் போதும். கந்தளாய், கன்னியாப் பக்கம் உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதே மிகுதி. எதுவும் தென்படாத கசற்றைப் பழக்கத்துக்காகத் துடைக்கக் கூடாது, ஏனெனில் மிக மென்மையான பஞ்சும் முலாமைச் சிறிதளவு உரசவே செய்யும்.